ஸ்டெப்னி மாட்டிய பிறகும் அணையாத விளக்கு: எந்த டயர் எச்சரிக்கை முறை யாருக்கு ஒத்துவரும்?

நெடுஞ்சாலையில் பஞ்சர். ஸ்டெப்னியை மாட்டியாயிற்று, ஜாக்கியை இறக்கியாயிற்று, வண்டியை எடுத்தால் மீட்டரில் அந்த மஞ்சள் ஆச்சரியக்குறி விளக்கு அப்படியே எரிகிறது. சில கார்களில் முதலில் அணைந்துபோய், கால் மணி நேரம் ஓட்டிய பிறகு கண்சிமிட்டிவிட்டு மறுபடி எரிகிறது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லையா, சென்சார் போச்சா, சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டுமா என்று மூன்று சந்தேகமும் ஒன்றாக வரும். பெரும்பாலும் மூன்றுமே இல்லை. காரில் இருப்பது எந்த வகை எச்சரிக்கை முறை, டிக்கியில் இருப்பது எந்த வகை ஸ்டெப்னி என்ற இரண்டும் சேர்ந்துதான் அந்த விளக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

கார் விற்பனைத் தாளில் "டி.பி.எம்.எஸ். உண்டு" என்று ஒரு வரி இருக்கும், டயர் காற்றைக் கண்காணித்து எச்சரிக்கும் முறைக்குத்தான் அந்தப் பெயர். அது எந்த டி.பி.எம்.எஸ்., ஸ்டெப்னி மாட்டினால் என்ன செய்யும் என்று யாரும் சொல்வதில்லை. ஷோரூமில் கேட்டாலும் உறுதியான பதில் கிடைப்பது அபூர்வம். புது கார் பார்ப்பவருக்கு இது ஒரு தேர்வு. ஏற்கெனவே கார் வைத்திருப்பவருக்கு, ஸ்டெப்னிக்கும் ஒரு சென்சார் வாங்கிப் போடலாமா என்பது தேர்வு. எச்சரிக்கை முறையே இல்லாத பழைய கார்க்காரருக்கு, வெளியில் கிடைக்கும் கிட் வாங்கலாமா என்பது. இவை எல்லாவற்றையும் நான் ஒரே அளவுகோலில்தான் பார்க்கிறேன்: ஸ்டெப்னி மாட்டிய பிறகு பஞ்சர் கடை வரைக்கும் போகிற அந்த ஐம்பது, நூறு கிலோமீட்டரில் இந்த முறை எனக்கு உண்மையாக என்ன சொல்கிறது?

அந்த அளவுகோலில் வைத்தால் விலை அதிகமான முறைதான் மேல் என்று சொல்ல முடியாது.

சக்கரத்துக்குள் சென்சார் இருக்கும் கார்கள்

நான்கு டயரின் காற்றையும் தனித்தனி எண்ணாக மீட்டரில் காட்டுகிறதென்றால் அது நேரடி முறை. ஹூண்டாய் தன் விற்பனைத் தாள்களில் "ஹைலைன்" என்று போடுவது இதைத்தான். ரிம்முக்குள் வால்வின் அடியில் ஒரு சிறு பெட்டி. அதற்குள் அழுத்தமானி, வெப்பமானி, சக்கரம் சுற்றுகிறதா என்று உணரும் ஒரு கருவி, ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு ரேடியோ. ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. காரின் கணினி தனக்குத் தெரிந்த நான்கு எண்களை மட்டும் காது கொடுத்துக் கேட்கும். வண்டி ஓடும்போது சென்சார் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை பேசும், நின்றுவிட்டால் பேட்டரியை மிச்சப்படுத்த உறங்கிவிடும்.

இப்போது ஸ்டெப்னி கதைக்கு வருவோம். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான கார்களில் ஸ்டெப்னி ரிம்முக்குள் சென்சார் கிடையாது. மாட்டியவுடன் கார் நான்காவது எண்ணைத் தேடுகிறது. உடனே குறை சொல்வதில்லை, கொஞ்ச நேரம் காத்திருக்கிறது. இந்தக் காத்திருப்புக்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்கா 2000இல் ஒரு சட்டம் இயற்றி, 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புது கார்களிலும் டயர் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. காற்று குறிப்பிட்ட அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் 20 நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். முறையே பழுதானாலும் 20 நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். ஒரே விளக்கை இரண்டு வேலைக்கும் வைத்திருந்தால், பழுது என்பதற்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை கண்சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிய வேண்டும். உலகம் முழுக்க விற்கும் கார் நிறுவனங்கள் பெரும்பாலும் இதே பழக்கத்தை எல்லா நாட்டுக்கும் கொண்டுபோய்விட்டன. ஸ்டெப்னி மாட்டிக் கால் மணி நேரம் கழித்து விளக்கு சிமிட்டுவதன் ரகசியம் இதுதான். "ஒரு சக்கரத்திலிருந்து செய்தி வரவில்லை" என்கிறது கார். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது.

இது பாதி. மறுபாதி டிக்கியில் கிடக்கிறது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி டிக்கியில் போட்டீர்கள் அல்லவா? அதன் சென்சார் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ரேடியோ எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அந்தச் சக்கரம் டிக்கிக்குப் போன விஷயம் காருக்குத் தெரியாது. சில கார்களில் கடைசியாக வந்த குறைந்த அழுத்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு, "இடது பின் டயரில் காற்று இல்லை" என்று அது தொடர்ந்து சொல்லும். அந்த டயரை ஒட்டி மறுபடி அதன் இடத்தில் மாட்டும்வரை இந்த எச்சரிக்கை போகாது என்று பல கையேடுகளே எழுதியிருக்கின்றன. ஆக சிமிட்டாமல் நிலையாக எரிந்தாலும் சரி, சிமிட்டிவிட்டு எரிந்தாலும் சரி, ஸ்டெப்னியின் காற்றைப் பற்றி அது பேசவில்லை.

மற்ற மூன்று டயர்கள்? எண் காட்டும் கார்களில் பெரும்பாலும் மூன்று எண்களும் ஸ்டெப்னி இருக்கும் இடத்தில் இரண்டு கோடுகளும் தெரியும். அந்த மூன்றை நீங்களே அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் விளக்கை மட்டும் நம்பும் கார்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பதால் இரண்டாவது பஞ்சர் ஆனால் புதிதாக எரிய எதுவும் இல்லை. பழுது விளக்கு எரியும்போது குறைந்த காற்றைக் கண்டுபிடிக்கவோ சொல்லவோ முடியாமல் போகலாம் என்று கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் வாக்கியத்தின் பொருள் அதுதான்.

அப்படியென்றால் நேரடி முறை மோசமா என்றால், இல்லை. வருஷத்தின் மீதி நாளெல்லாம் இதைவிட நல்லது கிடையாது. ஆணி குத்தி மெதுவாக இறங்கும் காற்றை 33 பி.எஸ்.ஐ.யிலிருந்து (டயர் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) 30க்கு வரும்போதே கண்ணால் பார்த்துவிடலாம். குறை, ஸ்டெப்னி ஓடுகிற அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான்.

ஐந்தாவது சென்சார் வாங்கலாமா?

இந்த ஒரு மணி நேரத்துக்காக ஸ்டெப்னியிலும் சென்சார் போடலாமே என்று தோன்றும். செலவு, சென்சார் விலை சில ஆயிரம், டயரைக் கழற்றி மாட்டும் கூலி, சில கார்களில் கணினியில் பதிவு செய்யும் கூலி. பணம் பெரிய தடை இல்லை. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கார் ஐந்தாவது எண்ணை ஏற்குமா என்பது.

மூன்று வகைக் கார்கள் இருக்கின்றன. முதல் வகை ஐந்து எண்களையும் பதிந்து, ஸ்டெப்னி தொங்கும்போதே அதன் காற்றையும் கண்காணிக்கும். அமெரிக்காவில் விற்கும் டொயோட்டா ஃபோர்ரன்னர் இதற்குத் தெரிந்த உதாரணம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. விளக்கு எரிகிறது, நான்கு டயரையும் அளந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, உரிமையாளர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியில்தான் காற்று இறங்கியிருக்கும், எந்தச் சக்கரம் என்று விளக்கு சொல்லாது. தொல்லை மாதிரி தெரிந்தாலும், ஸ்டெப்னியில் காற்றில்லை என்பதைப் பஞ்சராவதற்கு முன்பே சொல்லும் கார்க் கம்பெனி முறை இது ஒன்றுதான்.

இரண்டாவது வகையில் கணினிக்கு நான்கு எண்தான் இடம், ஆனால் புது எண்ணைத் தானே கற்றுக்கொள்ளும். சென்சார் உள்ள ஸ்டெப்னியை மாட்டி ஓட்டினால், சில நிமிடங்களில் சுற்றுகிற நான்கு சென்சார்களை அடையாளம் கண்டு, டிக்கியில் சுற்றாமல் கிடப்பதை மறந்துவிடும். ஹூண்டாய், கியா கார்களின் நேரடி முறை பெரும்பாலும் இப்படித்தான். இங்கே ஐந்தாவது சென்சார் பயன்படும். ஆனால் டிக்கியில் கிடக்கும்போது கார் அதைக் கேட்பதில்லை. மாட்டிய பிறகுதான் பேசும்.

மூன்றாவது வகை, மெக்கானிக்கின் கருவியை ஓ.பி.டி. துளையில் (காரின் கணினியோடு பேச டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இணைப்பு) செருகி எண்ணைப் பதிந்தால்தான் ஏற்கும். இரவு பத்து மணிக்குச் சாலை ஓரத்தில் அது நடக்கிற காரியமில்லை. இந்த வகைக்குச் சிலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: ஏற்கெனவே உள்ள சென்சாரின் எண்ணையே நகலெடுத்து ஸ்டெப்னி சென்சாரில் ஏற்றிவிடுவது. பனிநாடுகளில் குளிர்காலத்துக்குத் தனியாக நான்கு சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு இந்த நகல் வித்தை அருமையாக வேலை செய்கிறது, ஏனென்றால் பழைய நான்கும் வீட்டுக் கொட்டகையில் கிடக்கும். ஸ்டெப்னிக்கு இது ஆகாது. ஒரே எண்ணில் இரண்டு சென்சார்கள் ஒரே காருக்குள் இருந்தால் கார் ஒரு தடவை இதைக் கேட்கும், ஒரு தடவை அதைக் கேட்கும்.

வாங்குவதாக இருந்தால் அலைவரிசையையும் பாருங்கள். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பொதுவாக 433 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்கச் சந்தைக்குச் செய்வது பெரும்பாலும் 315. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 315ஐ வாங்கினால் அது பேசுவது உங்கள் காருக்குக் கேட்காது.

இதெல்லாம் கடந்தாலும் ஸ்டெப்னியின் வகை ஒரு கேள்வி. ஓடும் நான்கும் 17 அங்குல அலாய், ஸ்டெப்னி 16 அங்குல ஸ்டீல் ரிம், அதன் மேல் "80 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம்" என்ற ஸ்டிக்கர் என்றால், அது பஞ்சர் கடை வரை போகத்தான். அதில் சென்சார் போடுவது வீண் செலவு என்பது என் கருத்து. அதைவிடக் குறுகலான தற்காலிக ஸ்டெப்னிகளும் உண்டு. 60 பி.எஸ்.ஐ. வரை அடிக்க வேண்டிய ரகம் அவை. அவற்றுக்கு இந்தச் சென்சார் பேச்சே வேண்டாம். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே அலாய், நீங்கள் ஐந்து டயரையும் முறை வைத்து மாற்றி ஓட்டுகிறவர் என்றால் மட்டும் ஐந்தாவது சென்சார் நியாயமான செலவு. அப்போது ஸ்டெப்னி என்பதே ஒரு தனிச் சக்கரம் இல்லை, இன்று டிக்கியில் இருப்பது அடுத்த சுற்றில் முன் இடதுக்கு வரும்.

சென்சாரே இல்லாத முறை

ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகுன் போன்றவற்றிலும், டாடா "ஐ-டி.பி.எம்.எஸ்." என்று பெயர் வைத்து விற்பதிலும் சக்கரத்துக்குள் எதுவும் இல்லை. ஏ.பி.எஸ்.ஸுக்காக (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் முறை) ஏற்கெனவே இருக்கும் வேக உணரிகளை வைத்தே கணக்குப் போடும் மறைமுக முறை இது. காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் சற்றுக் குறையும், அதனால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். நவீன முறைகள் சக்கரத்தின் அதிர்வையும் அலசுகின்றன. காற்று குறைந்தால் டயரின் இயல்பான அதிர்வெண் கீழே இறங்கும்.

"கொஞ்சம் வேகமாக" என்றேன். எவ்வளவு கொஞ்சம் என்று தெரிந்தால்தான் ஸ்டெப்னி ஏன் இந்த முறையைக் குழப்புகிறது என்று புரியும். ரேடியல் டயரில் உருளும் சுற்றளவைப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையே தீர்மானிக்கிறது. அது நீளாது, சுருங்காது. அதனால் கால்வாசிக் காற்று போனாலும் உருளும் ஆரத்தில் மாற்றம் அரை சதவீதத்துக்குள்தான். அவ்வளவு நுணுக்கமான வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் அந்த மென்பொருளை எழுதியிருக்கிறார்கள்.

இப்போது 215/60 ஆர் 17 டயர் ஓடும் காரில் 205/65 ஆர் 16 ஸ்டெப்னியை மாட்டுங்கள். முதலாவதன் விட்டம் ஏறக்குறைய 690 மில்லிமீட்டர். இரண்டாவதன் விட்டம் 673. வித்தியாசம் இரண்டரை சதவீதம். கிலோமீட்டருக்கு முன்னது 461 சுற்று சுற்றினால் பின்னது 473 சுற்றும். அரை சதவீதத்துக்கே குதிக்கும் கணினிக்கு இது பேரிடி. ஸ்டெப்னியில் காற்று நிறைய இருந்தாலும் "காற்றில்லை" என்று அலறும். அல்லது இவ்வளவு வித்தியாசம் காற்றுக் குறைவால் வரவே வராது என்று முடிவுசெய்து பழுது விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

அதே அளவு ஸ்டெப்னி என்றால் தப்பித்தோமா? முழுசாக இல்லை. நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த மூன்று டயர், ஒரு நாளும் தரையைத் தொடாத புது ஸ்டெப்னி. பட்டன் (டயரின் மேல் வரிகள்) ஆழத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். எஃகுப் பட்டை கணக்கால் அது முழுதும் ஆரத்தில் தெரியாது என்றாலும், அரை சதவீத எல்லையைத் தொட அது போதும். இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்த புது ஸ்டெப்னியே எச்சரிக்கையைக் கிளப்பிவிடுகிற விசித்திரம் இந்த முறையில்தான் நடக்கும்.

இதற்கு மருந்து "செட்" பொத்தான், அல்லது திரையில் டயர் பக்கத்துக்குள் போய் அழுத்தும் அதே கட்டளை. இப்போது மாட்டியிருக்கும் நான்கு சக்கரத்தையும் புதிய சரியான நிலையாக எடுத்துக்கொள் என்று காருக்குச் சொல்வது அது. ஒரே அளவு ஸ்டெப்னி என்றால் நன்றாக வேலை செய்யும், விளக்கு போய்விடும், எந்தக் கருவியும் வேண்டாம், எந்தக் கூலியும் இல்லை. ஸ்டெப்னியில் சென்சார் இல்லாத நேரடி முறையால் செய்ய முடியாத காரியம் இது: ஸ்டெப்னியையும் சேர்த்து நான்கு சக்கரத்தையும் கண்காணிப்பது. அளவு மாறிய ஸ்டெப்னிக்குச் சில கார்கள் ஏற்கும், சில மறுபடி அலறும்.

ஆனால் இந்தப் பொத்தானில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, கார் உங்களை அப்படியே நம்புகிறது. ஸ்டெப்னியில் 20 பி.எஸ்.ஐ. இருக்கும்போது அழுத்தினால், 20தான் சரி என்று எழுதிக்கொள்ளும். அழுத்துவதற்கு முன் நான்கு டயரையும் அளந்தாக வேண்டும். அழுத்திய பிறகும் உடனே கண் திறந்துவிடாது. பல வேகங்களில் கணிசமான நேரம் ஓடினால்தான் கற்று முடிக்கும். பத்து கிலோமீட்டரில் பஞ்சர் கடை வந்துவிட்டால் அந்தப் பத்து கிலோமீட்டரும் அது அரைக்கண்ணில்தான் இருந்தது என்று கொள்ளுங்கள்.

இரண்டாவது பொறி இன்னும் மோசம், யாரும் சொல்வதும் இல்லை. பஞ்சர் ஒட்டி, பழைய சக்கரத்தை மாட்டிவிட்டு, விளக்குதான் எரியவில்லையே என்று "செட்" அழுத்தாமல் கிளம்பிவிடுவது. அளவு சிறிய ஸ்டெப்னியை மாட்டி "செட்" அழுத்தியிருந்தால், கணினியின் நினைவில் அந்த இடத்தில் இருப்பது அந்தச் சிறிய ஸ்டெப்னி. இப்போது வந்திருப்பது பெரிய சக்கரம். அதில் மறுபடி காற்று இறங்கினாலும், நினைவில் உள்ள அளவைவிட அது இன்னும் பெரியதாகவே தெரியும். ஒட்டுப்போட்ட டயர்தான் மறுபடி இறங்க அதிக வாய்ப்புள்ள டயர். அதன் மேல்தான் கார் குருடாக இருக்கும். மறைமுக முறை உள்ள காரில் சக்கரத்தைக் கழற்றினால் ஒரு தடவை, திருப்பி மாட்டினால் ஒரு தடவை, ஆக இரண்டு தடவை "செட்". இதை ஒரு சீட்டில் எழுதி டிக்கியில் ஒட்டிவைத்தாலும் தப்பில்லை.

வால்வு மூடிக்குப் பதில் திருகும் கிட்

எச்சரிக்கை முறை இல்லாத கார்களுக்கு வெளியில் கிடைக்கும் கிட்களில் மலிவானது, வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் திருகும் சென்சார். நான்கு மூடி, டாஷ்போர்டில் வைக்க ஒரு சின்னத் திரை அல்லது போனில் ஒரு ஆப். கார்ப் பிரியர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். ஸ்டெப்னி விஷயத்தில் மட்டும் கேட்டால் இதுதான் எல்லாரையும் ஜெயிக்கிறது. பஞ்சரான சக்கரத்திலிருந்து மூடியைத் திருகி எடுங்கள், ஸ்டெப்னி வால்வில் திருகுங்கள், முடிந்தது. எண் மாறவில்லை, இடம் மாறவில்லை, கற்க எதுவும் இல்லை. அடுத்த சில நிமிடத்தில் ஸ்டெப்னியின் உண்மையான காற்று எண்ணாகத் தெரிகிறது. டிக்கியில் கிடப்பதிலிருந்து பொய்ச் செய்தி வருவதும் இல்லை. 60 பி.எஸ்.ஐ. ரகக் குறுகிய ஸ்டெப்னி என்றால் மட்டும் அதிக அழுத்த எச்சரிக்கை கத்தும், அந்த எல்லையை அமைப்பில் மாற்ற வேண்டும்.

இதன் குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. மூடியின் எடை பத்து கிராம்தான் என்றாலும், 100 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வால்வை ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வெளியே இழுக்கிறது. பழைய ரப்பர் வால்வு என்றால் அடிப்பகுதியில் வெடிப்பு விட்டுக் காற்று கசியும். காற்றைக் காக்க வந்ததே காற்றைக் கெடுத்த கதை ஆகிவிடும். இந்தக் கிட் வாங்கினால் கூடவே நான்கு உலோக வால்வும் போட்டுவிடுங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து. ஒவ்வொரு தடவை காற்றடிக்கவும் கழற்றி மாட்ட வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் அதுவே மெதுவாகக் காற்றை விடும். திருட்டுப் பயத்துக்கு அடியில் ஒரு பூட்டு நட் தருவார்கள், அதைத் திறக்கும் சின்ன ஸ்பேனரை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் சாலையில் ஸ்டெப்னிக்கு மாற்றவும் முடியாது. அந்த ஸ்பேனரை ஜாக்கியோடு வையுங்கள்.

உள்ளே பொருத்தும் வெளிக் கிட்களும் உண்டு. அவை கார்க் கம்பெனியின் நேரடி முறையைப் போலவே நடந்துகொள்ளும். ஐந்தாவது சக்கரத்தையும் பார்க்கும் கிட் கிடைத்தால், ஸ்டெப்னியையும் டிக்கியில் கிடக்கும்போதே கண்காணிக்கலாம் என்பது அதன் லாபம்.

ஸ்டெப்னியே வேண்டாம் என்றால்

2020இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. மூன்றரை டன் வரையுள்ள பயணிகள் காரில் டியூப்லெஸ் டயர், டயர் எச்சரிக்கை முறை, பழுதுபார்க்கும் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றாயிற்று. பேட்டரிக்கு இடம் வேண்டிய மின்சார கார்களுக்கு இது வசதி. சி.என்.ஜி. சிலிண்டர் வைக்கும் கார்களுக்கும் இடப் பிரச்சினை தீர ஒரு வழி.

எச்சரிக்கை விளக்கின் பார்வையில் இது மிகச் சுத்தமான ஏற்பாடு. சக்கரம் மாறவே இல்லை, எனவே குழப்பமும் இல்லை. ஓட்டையை அடைக்கும் பிசினைக் கிட்டிலிருந்து வால்வு வழியாக ஏற்றி, பம்பில் காற்றடித்து, குறைந்த வேகத்தில் கிளம்பலாம். ஆனால் நேரடி முறையில் அந்தப் பிசின் சென்சாரின் அழுத்தத் துளையை அடைக்கலாம். கார்க் கம்பெனி ஒப்புக்கொண்ட பிசின் என்றாலும் டயரைக் கழற்றும்போது சென்சாரைத் துடைத்துப் பார்க்க வேண்டும், சிலசமயம் மாற்ற வேண்டிவரும். மறைமுக முறைக்கு இந்தக் கவலை இல்லை.

சென்சாரை விடுங்கள். பக்கச் சுவர் கிழிந்தால் எந்தப் பிசினும் உதவாது. குண்டும் குழியுமான சாலையில், விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும் பாலத்தின் இணைப்பில், மழைநீருக்கு அடியில் மறைந்த பள்ளத்தில் கிழிவது பெரும்பாலும் பக்கச் சுவர்தான். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர், சாலை உதவி ஒரு போனில் வந்துவிடும் இடத்தில் இருப்பவர் ஸ்டெப்னியை விட்டுவிடலாம். இரவில் மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், விளக்கு எவ்வளவு அழகாக நடந்துகொண்டாலும்.

எனவே யாருக்கு எது

புது கார் பார்க்கிறீர்கள், ஸ்டெப்னியும் மற்ற நான்கும் ஒரே அளவு என்றால், மறைமுக முறை என்று யாராவது மட்டம் தட்டினால் கவலைப்பட வேண்டாம். "செட்" பொத்தானை ஒழுங்காகப் பயன்படுத்தும் பொறுமை இருந்தால் போதும், ஏழெட்டு வருஷத்தில் சென்சார் பேட்டரி தீர்ந்து நான்கையும் மாற்றும் செலவும் இல்லை. அந்தப் பொறுமை இல்லை, மீட்டரில் எண் தெரிந்தால்தான் தூக்கம் வரும் என்றால் நேரடி முறை. ஸ்டெப்னி அளவு வேறு என்றால் நேரடி முறையின் பக்கம் இன்னும் கொஞ்சம் சாயுங்கள். ஏனென்றால் அந்தக் கலப்பில் மறைமுக முறை நான்கு சக்கரத்தையும் சேர்த்துக் கோட்டைவிடலாம், எண் காட்டும் நேரடி முறை மூன்றையாவது பார்த்துக்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே நேரடி முறை கார் வைத்திருப்பவர்கள் ஐந்தாவது சென்சாருக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல காற்று அளவுமானியும் 12 வோல்ட் பம்பும் வாங்கலாம். பெரும்பாலான முறைகள் ஸ்டெப்னியை டிக்கியில் கிடக்கும்போது பார்ப்பதில்லை என்பதால், அந்த வேலை நம்முடையதுதான். நல்ல டயரே மாதம் ஒரு பி.எஸ்.ஐ. வரை இயல்பாக இழக்கும். ஒன்றரை வருஷம் தொடாத ஸ்டெப்னி 33இல் தொடங்கியிருந்தால் இப்போது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே அளவு ஸ்டெப்னியில் முழுச் சுமைக்கான அழுத்தத்தையே, அதாவது ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள அட்டையில் பெரிய எண்ணாக இருப்பதையே, அடித்துவைப்பது நல்லது. தேவைப்பட்டால் சாலையில் குறைத்துக்கொள்ளலாம், கூட்டுவதுதான் கஷ்டம். இனோவா கிரிஸ்டா மாதிரி அடியில் தொங்கும் ஸ்டெப்னி என்றால் வால்வு கைக்கு எட்டாது. அதைச் சர்வீஸில் விடும்போதெல்லாம் கேட்டு அளக்கச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் நாலு டயரோடு முடித்துவிடுவார்கள். மஹிந்திரா தார் மாதிரி பின்கதவில் இருந்தால் சாக்கே இல்லை.

எச்சரிக்கை முறை இல்லாத பழைய கார் என்றால் மூடி கிட், உலோக வால்வோடு.

அப்புறம் பஞ்சர் கடையில் ஒரு வார்த்தை. நேரடி முறை உள்ள சக்கரத்தை இறக்கும்போதே "உள்ளே சென்சார் இருக்குண்ணே, வால்வுப் பக்கம் பார்த்து" என்று சொல்லிவிடுங்கள். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் இயந்திரத்தின் தட்டு வால்வுக்கு நேராக அழுத்தினால் சென்சார் அங்கேயே உடையும். ஒட்டிய சக்கரத்தை மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டியும் விளக்கு அணையவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.